ஒரு தீ என்றால் அமைதி

ஒரு தீ என்றால் அமைதி.
இரண்டு, எல்லைக்கு அப்பால் ஆள் நடமாட்டம்.
மூன்று, நெருங்கிவிட்டார்கள்.
நான்கு, உள்ளே வந்துவிட்டார்கள்.
ஐந்துக்கு விளக்கம் கேட்க
அப்போது யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

பதினோரு வருடமாகப்
போர் அமைச்சகத்தின் மேற்கு அறையில்
நான், மெங் சியோக்ரியுன்,
எழுதியதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.
ஹன்யாங்கின் தெற்கு மலையில் ஐந்து மேடைகள்,
நாட்டின் ஐந்து தீச்சாலைகளும் வந்து முடிகிற இடம்.
இருட்டியதும் காவலன் எண்ணிவிட்டு இறங்கி ஓடிவருவான்,
"ஒவ்வொன்றிலும் ஒன்று, ஐயா."
விடியுமுன் அரண்மனைக்கு அனுப்பிவிடுவேன்.
என் வாளை நான் உருவியதே இல்லை.
ஒருமுறை அதன் உறைக்குள்
ஏதோ பூச்சி முட்டையிட்டிருந்தது.

மற்ற வேலை, துணி.
படைக்குப் போகாதவன்
வருடத்துக்கு இரண்டு சுருள் பருத்தித் துணி கட்டவேண்டும்.
பேரேட்டில் தலை குறையக்கூடாது.
அதனால் தொட்டிலில் கிடப்பவன் வில்லாளி,
மூன்று வருடம் முன்பு புதைத்தவன் ஈட்டிக்காரன்.
அலகு மஞ்சள் மாறாத குஞ்சுக்கும் வரி,
வெள்ளெலும்புக்கும் வரி என்று
சந்தையில் பேசிக்கொள்வதைக்
குதிரைமேல் இருந்தபடி கேட்டிருக்கிறேன்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது.
ஏட்டுப் படைவீரன் மட்டும்
தவறாமல் துணி அனுப்பிக்கொண்டிருந்தான்.

என் மகன் பிறந்தபோது
எந்த ஏட்டையும் யாரும் திறக்கவில்லை.
எங்கள் குலத்துக்கு அந்த வரி இல்லை.
இதை இங்கே சொல்லியிருக்க வேண்டாம்.

பத்தாம் மாதம், நிலவில்லாத இரவு,
வடகிழக்குச் சாலை அணைந்தது.
மழையில்லை. மூடுபனியில்லை.
மறுநாள் இரவு, ஒன்றுமே நடக்காததுபோல்
அங்கே மறுபடியும் ஒரு தீ.

ஒன்பது நாள் கழித்து மலைநாட்டுத் துணை அதிகாரியின் கடிதம்:
சோக்பாவி மேடையின் காவலர் ஐவரும் ஓடிப்போனார்கள்.
மறுநாள் மாலை ஒருத்தி ஏறி வந்தாள்.
சாணமும் பைன் சுள்ளியும் அடுக்கிப் பற்றவைத்தாள்.
பெயர் ஒன்யோன். காவலன் தொல்சேயின் மனைவி.
விசாரித்ததற்கு,
"அவர் பெயருக்குத் துணி வாங்குகிறீர்களே,
அப்படியென்றால் வேலையில்தானே இருக்கிறார்?
இன்றைக்கு அவருக்கு உடம்பு முடியவில்லை.
நான் வந்தேன்" என்கிறாள்.
என்ன தண்டனை என்று தெரிவிக்கவும்.

பேரேட்டைப் புரட்டினேன்.
தொல்சே, வயது முப்பத்துநான்கு, திடகாத்திரம்.
அவன் செத்து எத்தனை வருடமோ,
ஏட்டில் வயதுகூட ஏறவில்லை.

பொய்த்தீ ஏற்றினால் தலை போகும்.
ஆனால் அவள் ஏற்றியது ஒன்று.
அன்றிரவு எந்தப் பகைவனும் வரவில்லை.
சரியான எண்.
பெயரை அடித்துவிடலாம் என்று தூரிகையைத் தொட்டேன்.
அடித்தால் அவன் பங்குத் துணி
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்,
இல்லையென்றால் அவன் தம்பியை.
மை காய்ந்தது. மறுபடி இழைத்தேன்.
கடைசியில் எழுதினேன்:
"காவலன் தொல்சே, பணியில் இருந்தான்."
இரக்கமா, தொழில் பழக்கமா தெரியவில்லை.
கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

இப்போதெல்லாம் காவலன் வந்து ஒன்று என்றால்,
"வடகிழக்கில் எப்படி எரிந்தது?" என்று கேட்கிறேன்.
விழிக்கிறான். "தீ மாதிரிதான், ஐயா."
அவன் சொல்வதும் சரி.
இங்கே எரிவது அவள் மூட்டியதல்ல,
நூறு மலை கைமாறி வந்த அதன் நகல்.
எங்கள் அலுவலகத்தில் எல்லாமே நகல்தான்.

பனி உருகியதும் கிடங்குக்கு
வடக்கிலிருந்து துணி வந்தது.
தொல்சேயின் பெயர்ச்சீட்டு கட்டிய கட்டில்
ஒரு சுருளின் ஓரத்தில்
பொறி விழுந்து கருகிய ஓட்டை.
குறையுள்ள துணியைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி.
விரலை அதற்குள் விட்டுப் பார்த்தேன்.
பிறகு எண்ணினேன்.
இரண்டு.